சும்மா இருந்த மாதங்கள்

நெல்லைச் சீமையின் தென்கோடியில் குளிர்காலம் என்றால் மலைநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். வள்ளியூரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் வாடையும் பனியும். தை பிறந்தால் விடியற்காலைக்கு ஒரு போர்வை போதும். அந்த மாதங்களைத் தனிப் பருவமாக ஆக்கியது பனைமரம். மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி, ஆவணி வரை பதனீர் இறங்கும். ஆண்கள் காலையும் மாலையும் மரம் ஏறுவார்கள். பெண்கள் விறகும் சருகும் பொறுக்கி வந்து, விடிலியில் வெந்து, பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். புரட்டாசிக்குப் பிறகு மரம் ஓய்ந்துவிடும். மரத்தோடு சேர்ந்து வீட்டுக்கு வரும் காசும் ஓய்ந்துவிடும்.

தாமிரபரணி பாய்கிற அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் இதே மாதங்களில் பிசான நெல்லுக்கு நடவும் களையெடுப்பும் நடக்கும். அங்கே பெண்கள் வயலில் நின்றார்கள். கூலி குறைவென்றாலும் அதற்குக் கூலி என்று பெயர் இருந்தது. எங்கள் பக்கம் ஆற்றுப் பாசனம் எட்டாத பனங்காடு. வள்ளியூருக்குக் கிழக்கே திசையன்விளை, இடையன்குடி என்று போகப் போகத் தேரி மணல்தான். மழைக்காலத்தில் இங்கே பெண்களின் வேலை வீட்டுக்குள் நடந்தது. வீட்டுக்குள் நடந்ததால் அதற்குப் பெயர் இல்லாமல் போனது.

எங்கள் ஆச்சி இந்தப் பருவத்தை "சும்மா இருக்கிற மாசம்" என்றுதான் சொல்லுவாள். "அப்ப என்ன ஆச்சி செய்வீங்க?" என்று கேட்டால், "என்னத்த செய்ய? சும்மாதான் இருப்போம். பெட்டி முடைவோம், கெழங்கு அவிப்போம், கிழிஞ்சத தைப்போம்" என்பாள். வேலைக்குப் போனேன் என்று அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. இது அவளுடைய அடக்கம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நாடே அப்படித்தான் கணக்கு எழுதியது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வேலை செய்யும் பெண்கள் ஏறக்குறைய 6 கோடிப் பேர். 1971இல் அது 3 கோடிக்குச் சற்று மேல். பத்து ஆண்டில் பாதிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. 'உங்கள் முதன்மையான வேலை என்ன' என்று கேள்வி மாறியது. அடுப்பும் பிள்ளையும் கைவேலையும் ஒன்றாகச் செய்கிறவள் எதை முதன்மை என்று சொல்லுவாள்?

முதலில் அடுப்பைப் பார்ப்போம். ஆவணியில் உதிர்ந்த பனம்பழத்தின் கொட்டைகளைப் பொறுக்கி மணலில் பாத்தி கட்டிப் புதைத்துவிட்டால் மார்கழி, தையில் கிழங்கு பிடுங்கலாம். மஞ்சளும் உப்பும் போட்டு அவிக்க வேண்டும். பிளந்த கொட்டைக்குள் தவுண் இருக்கும், அது பிள்ளைகளுக்கு. கருப்பட்டி மழை ஈரத்தில் கசியும் என்பதால் ஓலைப் பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார்கள், புகை படுகிற இடமாகப் பார்த்து. அந்தக் கருப்பட்டிதான் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட காபியில். அதேதான் தோலோடு திரித்த உளுந்தில் கிண்டி நல்லெண்ணெய் விட்ட களியில். சமைந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இடுப்புக்குப் பலம் என்று கொடுத்த அந்தக் களி, மழைக்காலத்தில் எல்லோருக்கும் உண்டு.

இதில் எதிலும் பால் இல்லை, நெய் இல்லை. இன்று இதை வீகன் சாப்பாடு என்று சொல்லிப் பரிமாறலாம். அந்தச் சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரைச் சேர்ந்தவர்களும் சங்கம் தொடங்கியபோது உண்டானது. எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. ஆச்சி வீட்டில் கருவாடு கிடைத்த நாளில் கருவாடு உண்டு. பால் இல்லாததற்குக் காரணம் மாடு இல்லாதது. மாடு இருந்த வீட்டிலும் பால் விற்பனைக்குப் போனது. நம் ஊரில் 'சைவம்' என்ற சொல்லே சாதியின் பெருமிதத்தோடு வருகிறது. பனங்காட்டு வீடுகளின் பாலில்லாச் சமையலை அந்த வரிசையில் கொண்டுபோய் வைக்கக் கூடாது. அது காசில்லாத நான்கு மாதத்தைப் பெண்கள் கடத்திய விதம். ஆனியில் ஊற்றிய கருப்பட்டியில் எத்தனை வட்டு விற்பது, எத்தனை வட்டு பரணுக்கு என்று ஒருத்தி கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்கு தப்பினால் தையில் பிள்ளைகளுக்கு வெறும் கஞ்சிதான். அதை நிர்வாகம் என்று யாரும் சொன்னதில்லை.

ஓலைக்கும் இதே கதை. காய்ந்த ஓலை ஒடியும். ஈரக்காற்றில் வளைந்து கொடுக்கும். அதனால் பெட்டி முடைய மழையும் பனியும் தோதான காலம். குருத்தோலையை வெட்டி, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்தில் வார்ந்து கடகம், கொட்டான், சுளகு, பாய் என்று முடைவார்கள். மட்டையின் நாரை உரித்து முடைந்தால் நார்ப்பெட்டி, அது பல ஆண்டு உழைக்கும். கருப்பட்டி சந்தைக்குப் போனது இந்தப் பெட்டிகளில்தான். கருப்பட்டி வியாபாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பனையேறியையும் வியாபாரியையும் எழுதுவார்கள். பெட்டி தானாக முளைத்தது மாதிரி இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடித் துறைமுகம் வழியே பனந்தும்பு ஐரோப்பாவுக்குப் போய்த் தூரிகைகளும் துடைப்பங்களும் ஆனது. உலகச் சந்தை ஒன்றும் எங்கள் திண்ணைக்குப் புதிதல்ல.

அந்தச் சந்தை இன்னொரு வழியாகவும் வந்தது. அது லேஸ். பழைய பேச்சில் ரேந்தை என்பார்கள், போர்த்துக்கீசியச் சொல். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், அன்றைய தென்திருவிதாங்கூரில், லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். மெத்தை போன்ற ஒரு திண்டு, அதன் மேல் துளையிட்ட அட்டை, துளைகளில் குண்டூசி, நூல் சுற்றிய சிறு கட்டைகள். கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு அங்குலம் அங்குலமாக வளர வேண்டும்.

இங்கிலாந்தில் இது ஏழைப் பெண்களின் கூலி வேலை. சின்னஞ்சிறு பிள்ளைகளை லேஸ் பள்ளி என்ற பெயரில் உட்கார வைத்து வேலை வாங்கினார்கள். 1809இல் ஜான் ஹீத்கோட் வலைப்பின்னல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு அங்கே கைலேஸ் நலியத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அதே கைவேலை நாகர்கோவிலில் தொடங்குகிறது. திட்டமிட்டு நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே கட்டுப்படியாகாத வேலை இங்கே கட்டுப்படியானது என்பதைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆனால் இந்த ஊசியையும் நூலையும் வெறும் சுரண்டல் என்று ஒரே வரியில் முடித்துவிடவும் கூடாது. அன்றைய திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைக்கத் தடை இருந்தது. 1814இல் கர்னல் மன்றோ கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிய அனுமதித்தார். மிஷன் பள்ளிகளில் தைத்த முதல் துணிகளில் ஒன்று அந்தக் குப்பாயம். 1829இல் அரசு ஆணை ஒன்று மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது என்று மறுபடி தடுத்தது. தெருவிலும் சந்தையிலும் சீலையைப் பிடித்துக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26ஆம் தேதி வந்த அறிவிப்பும்கூட, மேல்சாதியார் உடுத்தும் முறையில் அல்லாமல் மறைத்துக்கொள்ளலாம் என்றுதான் விட்டுக்கொடுத்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் ஊசி பிடிப்பதை ஓய்வுநேரக் கலை என்று சொல்ல முடியுமா? லேஸ் பின்னிச் சம்பாதித்த காசில் அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூர் அடிமைமுறையை ஒழித்தது 1855இல்தான். அதற்கு முன்பே அங்குலக் கணக்கில் விடுதலை சேர்த்த கைகள் அவை.

மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். நாகர்கோவிலில் வளர்ந்தவர், தமிழ் பேசி வளர்ந்தவர். இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி நடத்தியதும் லேஸ் வேலையை இந்தப் பக்கம் கொண்டுவந்ததும் அவர்தான். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856ஆம் ஆண்டைத் தமிழ் படித்த யாரும் சொல்லுவார்கள். எலைசாவின் பெயரை எத்தனை பேர் சொல்லுவார்கள்? மிஷன் ஏடுகளில் ஊழியர் என்று பெயரும் சம்பளமும் கணவருக்கு. மனைவியின் வேலை அவரோடு சேர்ந்த இலவச இணைப்பு. தென்திருவிதாங்கூர் மிஷன் பெண்களைப் பற்றி ஆராய்ந்த ஜேன் ஹாகிஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பள்ளிகளுக்கும் வேதக்காரப் பெண்களின் சம்பளத்துக்கும் லேஸ் விற்ற பணம் உதவியது. ஆக, மனைவிக்குச் சம்பளம் இல்லை. அவர் நடத்திய தொழிலோ மிஷனுக்கு வரவு. சரி, எலைசாவுக்காவது பெயர் மிஞ்சியது. அவர் திண்ணையில் திண்டை மடியில் வைத்து உட்கார்ந்த பெண்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் ஏடுகளில் 'சுதேசிப் பெண்பிள்ளைகள்'.

கடலும் தேரியும் கடந்து கோதாவரிக் கரைக்குப் போனால் இதே காட்சி இன்னும் தெளிவாகத் தெரியும். ஆந்திரத்தின் நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மானியப் பெண்ணியவாதி மரியா மீஸ் எழுதிய நூல் 1982இல் வந்தது. அங்கும் லேஸைக் கொண்டுவந்தது மிஷன்தான். அந்தப் பெண்கள் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினார்கள். அதற்குமேல் வீட்டு வேலை. ஏற்றுமதியாளர்கள் ஆண்கள். கேட்டால் எல்லோரும் சொன்னது ஒன்றே: அவர்கள் இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள். 'இல்லத்தரசி' என்ற பட்டம் கூலியைக் குறைப்பதற்கு எவ்வளவு வசதியானது என்பதை மீஸ் அங்கேதான் எழுதிக் காட்டினார். அதைப் படித்தபோது எனக்கு நரசாபுரம் தூரமாகத் தெரியவில்லை. ஆச்சியின் 'சும்மா'வை யாரோ மொழிபெயர்த்தது போல இருந்தது.

இனி அந்தக் கிழிந்ததைத் தைக்கிற வேலை. பழைய துணி வாங்கி உடுத்துவது இப்போது ரசனையாகிவிட்டது; நல்லதுதான், குப்பை குறையும். எங்கள் வீடுகளில் ஒரு நூல்சேலைக்குப் பல பிறவி இருந்தது. உடுத்தி நைந்தால் அடுக்கித் தைத்த விரிப்பு. அப்புறம் பிள்ளைக்குத் தொட்டில். அப்புறம் தீட்டுத்துணி. மிச்சம் அடுப்படியில் கரித்துணி, விளக்குக்குத் திரி. இதில் தீட்டுத்துணியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வெயில் காலத்தில் அதை எப்படியாவது மறைவாகக் காயவைத்துவிடலாம். கார்த்திகை மழையில் நான்கைந்து பெண்கள் இருக்கும் வீட்டில், ஆண் கண்ணில் படாமல், வேறு துணிக்கு அடியில் போட்டு எப்படிக் காயும்? ஈரத்தோடே கட்டிக்கொண்டார்கள். தொடை புண்ணாகும். மழைக்கால வீட்டின் கதகதப்பைப் பாடுகிறவர்கள் இந்தத் துணியையும் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாம்.

எழுபதுகளில் நைலக்ஸ், பாலியஸ்டர் சேலைகள் வந்தபோது பெண்களுக்குச் சந்தோஷம்தான்: சீக்கிரம் காயும், கிழியாது, சாயம் போகாது. ஆனால் அது விரிப்புக்கும் ஆகாது, தீட்டுக்கும் ஆகாது, ஈரத்தை உறிஞ்சாது. அதை எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் போட்டார்கள். நூல்சேலையை எந்தப் பாத்திரத்துக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். துணியின் விலை பாத்திரக்காரர் கணக்கில் ஒன்று, பெண்களின் கணக்கில் வேறொன்று.

இப்போது எங்கள் பக்கம் பனையேறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நார்ப்பெட்டி கண்காட்சியில் நல்ல விலைக்குப் போகிறது. முடைகிறவளுக்கு எவ்வளவு என்று விலைச்சீட்டில் போடுவதில்லை. வீட்டுக்குள் செய்யும் வேலையோ குறையவில்லை, ஆள்தான் மாறியது. பழைய நெல்லை மாவட்டத்தின் மேற்கிலும் நடுவிலும், மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் என்று எங்கே போனாலும் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். இலையும் தூளும் ஏஜெண்டு கொடுப்பார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. தரமில்லை என்று கழித்ததற்குக் காசில்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுகிறவளையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது. லேஸ் பின்னியவளுக்கோ பெட்டி முடைந்தவளுக்கோ அப்படி ஒரு சட்டம் வாய்க்கவில்லை. வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை.

பீடி சுற்றுகிறவளின் மடியில் இருக்கும் தட்டைக் கவனித்துப் பாருங்கள். பல வீடுகளில் அது இன்னும் சுளகுதான். யாரோ ஒருத்தி மழைக்காலத்தில் சும்மா இருந்தபோது முடைந்தது.