ஊரும் பேட்டையும் நகரும்

பெருநகரம் என்பது ஒரு நாளில் ஒருவரால் வகுக்கப்பெற்று எழுந்த ஒரே ஊர் என்று கருதுதல் உலகத்தார் பலர்க்கும் இயல்பு. சென்னை மாநகரைப் பற்றியும் அவ்வாறே கூறுவர். 1639ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22ஆம் நாளை இந்நகரின் பிறந்தநாள் எனக் கொண்டு ஆண்டுதோறும் விழாவெடுப்பாரும் உளர். அவ்வாண்டில் நிகழ்ந்ததுதான் யாது? தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் என்பார், கடலோரத்து மணற்பரப்பு ஒன்றிற் கோட்டை கட்டிக்கொள்ளுமாறு கிழக்கிந்தியக் கும்பினியார்க்கு இசைவளித்தனர். அவர்தம் தந்தையாராகிய சென்னப்ப நாயக்கர் பெயரால் அவ்விடம் சென்னப்பட்டணம் எனப்பட்டது. ஆகவே, அந்நாள் ஒரு கோட்டையின் பிறந்தநாளாமன்றி மாநகரின் பிறந்தநாள் ஆகாது. அக்கோட்டை எழுதற்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தெய்வமணங் கமழ்ந்து விளங்கிய ஊர்கள் பல அதன் வடக்கினும் தெற்கினும் இருந்தன.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. மாநகரின் பகுதிகளுக்கு வழங்கும் பெயர்களே போதிய சான்றாம். மயிலாப்பூர், திருவொற்றியூர், திருவான்மியூர், எழும்பூர் என ஊர் என முடிவன ஒருசார். நுங்கம்பாக்கம், சேப்பாக்கம், வேளச்சேரி எனப் பாக்கமும் சேரியுமாய் முடிவனவும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன. சிந்தாதிரிப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, முத்தியாலுப்பேட்டை எனப் பேட்டை என முடிவன மற்றொரு சார். தியாகராய நகர், அசோக நகர், அண்ணா நகர் என நகர் என முடிவன பிறிதொரு சார். இம்மூன்றும் மூன்று காலங்களைக் குறிப்பன, அம்மட்டோ! மக்கள் ஒருங்கு கூடி வாழ்தற்கு அடிப்படையாய் நின்ற மூன்று நோக்கங்களையும் குறிப்பன. அவற்றை முறையே நோக்குவாம்.

ஊர்

தொண்டைமண்டலம் இருபத்துநான்கு கோட்டங்களாக வகுக்கப்பெற்றிருந்தது. அவற்றுள் புழற்கோட்டத்தின்கண் ஒற்றியூரும், புலியூர்க்கோட்டத்தின்கண் மயிலையும் விளங்கின. பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூரும் அப்புலியூர்க்கோட்டத்ததேயாம். ஆகலின், அவர் மயிலையையும் ஒற்றியூரையும் கூறுமிடத்துக் கேட்டறிந்த செய்தியைக் கூறுவார்போலாது, தாம் பிறந்த நாட்டைக் கண்டறிந்தார் கூறுமாறு கூறுதல் இயல்பேயாகும்.

ஒற்றியூரிலே செக்காடும் வணிகர் வாழ்ந்த பகுதி சக்கரப்பாடித் தெரு எனப்பட்டது. கலிய நாயனார் அத்தெருவிற் பிறந்தவர். தம் குலத்தொழிலால் வந்த எண்ணெயைக் கொண்டே திருக்கோயிலில் விளக்கேற்றும் தொண்டு புரிந்தவர். செல்வம் முற்றும் அழிந்து வறுமை வந்துற்ற காலத்தும், தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்து அத்தொண்டினைக் காத்தவர். தொழில்வகையால் தெருவும், தொண்டுவகையால் அடியாரும் அறியப்பெற்ற ஓர் ஊரின் இயல்பு இவ்வரலாற்றால் இனிது விளங்கும். கடைத்தெருவிற்கும் கருவறைக்கும் இடையே ஒரு விளக்கின் ஒளி பாலமாய் நின்றது.

அவ்வூர் பிறநாட்டாரையும் தன்பால் ஈர்த்தது. கேரள நாட்டிற் பிறந்த வல்லபன் என்பார், சோழ இளவரசனாகிய இராசாதித்தனுக்கு உற்றவராய் இருந்தனர். 949ஆம் ஆண்டில் தக்கோலப் போரில் இளவரசன் மாய்ந்தபோது உடனிருந்து உயிர்விடப் பெறாமையால் உளம் நொந்து, துறவு பூண்டு, ஒற்றியூரை அடைந்து, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் ஆங்குள்ள மடத்திற்குத் தலைவராயினர் என்பது கல்வெட்டாற் பெறப்படும் செய்தி. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அக்கோயிலின் விமானம் கற்றளியாக எடுக்கப்பெற்றது. வியாகரணம் ஓதுதற்கென மண்டபம் ஒன்றும் ஆங்கு இருந்தமை கல்வெட்டுக்களால் தெளிவாம். வழிபாடும் துறவும் கல்வியும் ஒருங்கு நிலைபெற்ற ஊர் அது.

இனி, மயிலையோ எனின், அது கடல்வாணிகத்தாற் சிறந்த பட்டினம். சிவநேசர் என்னும் வணிகர்தம் திருமகளாராகிய பூம்பாவையார் அரவு தீண்டி மாய, அவர்தம் என்பினின்றும் அவரை எழுப்புதற்குத் திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய திருப்பதிகத்தில், அவ்வூரின் ஆண்டு முழுமைக்குமான விழாக்கள் நிரல்பட எண்ணப்பெற்றுள்ளன. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என அவை தொடரும். உயிர் துறந்த பெண்ணை அழைக்கும் அப்பாட்டு, ஊரின் விழாக்களைக் காட்டி அழைத்தல் நோக்கத்தக்கது. வாழ்வு என்பது தனித்திருத்தல் அன்று, ஊரோடு கூடி விழவு காண்டலே என்பது அதனாற் போதரும்.

அத்திருக்கோயில் அக்காலத்தே கடலோரத்தில் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் பாடலும் அதனைக் கடற்கரைக் கோயிலாகவே குறிக்கும். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துகேசியர் சாந்தோமில் குடியேறிய பின்னர், அப்பழங்கோயில் இடம் விட்டு மறைந்தது. அதன் கல்வெட்டுத் துண்டங்கள் சில சாந்தோமிற் கிடைத்துள்ளன. பிற்காலத்தே உள்நாட்டிற் புதுக்கோயிலும், திருக்குளமும், மாடவீதிகளும் எழுந்தன. கல்லாலமைந்த கோயில் அழியினும் ஊர் அழிந்திலது. அஃது எங்ஙனம் எனின், அவ்வூரிலே தோன்றிய வாயிலார் நாயனார் உள்ளத்தையே கோயிலாக்கி, உணர்வையே விளக்காக்கி வழிபட்டு உய்ந்தவர் என்பதனை நினைவார்க்கு அதன் விடை தானே தோன்றும்.

பேட்டை

ஊரிலே கோயில் நடுவாக நிற்ப மக்கள் அதனைச் சூழ்ந்தனர். பேட்டையிலோ தொழிலும் வாணிகமும் முன்வந்தன. கோயில் அவற்றின் பின் வந்தது. கும்பினியார் துணி வாணிகத்தின்பொருட்டு நெய்வாரையும், வெளுப்பாரையும், சாயமிடுவாரையும் வருவித்துக் குடியேற்றினர். வண்ணாரப்பேட்டை என்னும் பெயர் அவ்வாணிகத்தை இன்றும் உணர்த்தும். 1734ஆம் ஆண்டிற் கூவம் ஆற்றின் வளைவிலே நெசவாளர்க்கென வகுக்கப்பெற்ற சின்னத் தறிப்பேட்டையே சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று. ஆங்கும் ஆதிபுரீசுவரர்க்கும் ஆதிகேசவப் பெருமாளுக்கும் இரட்டைக் கோயில்கள் அமைந்தன. தறி அமைத்தவிடத்தும் தமிழர் தெய்வத்தை மறந்திலர்.

கோட்டைக்கு அடுத்திருந்த பழைய பட்டணத்தில், சென்னமல்லீசுவரர், சென்னகேசவர் ஆகிய இருவர்க்கும் கோயில்கள் இருந்தன. 1746 முதல் 1749 வரை நகரைப் பிரஞ்சுக்காரர் கைக்கொண்டிருந்தனர். அதன்பின், கோட்டைக்குக் காவல் வேண்டி ஆங்கிலேயர் அப்பட்டணத்தை இடித்து வெளியாக்கியபொழுது அக்கோயில்களும் நீங்கின. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முதலாயினோர் முயற்சியால் அவை பின்னர்த் தேவராச முதலித் தெருவில் மீண்டும் எழுந்தன. தங்கசாலைத் தெருவிலுள்ள ஏகாம்பரேசுவரர் கோயில், கும்பினியின் துபாஷியாகிய ஆலங்காத்தாப் பிள்ளையவர்களால் எடுக்கப்பெற்றது. பேரிச் செட்டியார் மரபினர் போற்றி வளர்த்த கந்தகோட்டமும், விசுவகர்ம மரபினர் போற்றும் காளிகாம்பாள் கோயிலும் அப்பகுதியினவே. ஏழுகிணற்றுப் பகுதியில் வீராசாமித் தெருவில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் கந்தகோட்டத்து முருகனையும், வடக்கே நடந்து சென்று ஒற்றியூர் இறைவனையும் பாடிப் பரவினர். பேட்டையையும் ஊரையும் அன்பினால் இணைத்தவர் அவர். நாவலர் பெருமான் 1849இல் அச்சியந்திரம் வாங்குதற்கு யாழ்ப்பாணத்தினின்றும் வந்ததும் இப்பட்டணத்துக்கே.

இப்பகுதி முழுவதும் 1906ஆம் ஆண்டு முதல் ஜார்ஜ் டவுன் எனப்பட்டது. இதன் தெருக்களை நோக்கின், பவழக்காரத் தெரு ஒரு வாணிகத்தையும், அரண்மனைக்காரத் தெரு எனத் திரிந்து வழங்கும் ஆர்மீனியர் தெரு ஒரு நாட்டாரையும், சௌகார்ப்பேட்டை வடநாட்டு வணிகரையும் நினைவூட்டும். பல மொழியினரும் பல சமயத்தினரும் ஒரு தெருவின் இருமருங்கும் கடை வைத்து வாழ்ந்த இடம் இது. திருவல்லிக்கேணியும் இவ்வாறே. ஆழ்வார்கள் பாடிய பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலும், திருவேட்டீசுவரர் கோயிலும், ஆர்க்காட்டு நவாபு மரபினர் 1795இல் எடுத்த பெரிய பள்ளிவாசலும் ஒரே பகுதியில் அண்மையில் நிற்றலைக் காணலாம்.

அற்றேல், பேட்டையிற் பூசலே இல்லையோ எனின், இருந்தது. வலங்கையார், இடங்கையார் என்னும் இருசாராரும் தெருக்களின்பொருட்டும், ஊர்வலத்தின்பொருட்டும் பலகால் பிணங்கினர். 1707ஆம் ஆண்டு எழுந்த பூசலில் வலங்கையார் பலர் நகரை விட்டுச் சாந்தோமுக்கு அகன்றனர். முடிவில், பெத்துநாயக்கன்பேட்டை வலங்கையார்க்கும், முத்தியாலுப்பேட்டை இடங்கையார்க்கும் என வகுத்தே அமைதி காணப்பட்டது. ஒரே இறைவனை வணங்குவார் வணங்கச் செல்லும் வழியின்பொருட்டுப் பகை கொண்டமை வருந்தத்தக்கதே.

நகர்

இருபதாம் நூற்றாண்டிலே மூன்றாவது வகை தோன்றிற்று. மயிலைக்கு மேற்கே நெடுந்தூரம் பரந்து கிடந்த பேரேரியின் நிலம், 1923ஆம் ஆண்டையடுத்து வீட்டுமனைகளாக்கப்பெற்றது. சர் பிட்டி தியாகராய செட்டியார் பெயரால் தியாகராய நகர் எழுந்தது. இதன் நடுவில் அமைந்தது கோயில் அன்று, கடைவீதியும் அன்று, ஒரு பூங்கா. அகன்ற தெருக்களும், காற்றோட்டமான வீடுகளும் இதன் நலங்கள். அவற்றை மறுத்தல் முறையன்று. ஆயினும், ஏரி என்ற ஒன்று அங்கு இருந்தது என்பதனை ஆங்கு வாழ்வார் மெல்ல மறந்தனர். இதன்பின் எழுந்த நகர்கள் பலவும் இதன் வழியையே பின்பற்றின.

மறந்ததன் பயன் பிற்காலத்தே வெளிப்பட்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெருவெள்ளம் மாநகரின் தெருக்களிற் புகுந்து உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் விளைத்தது. 2019ஆம் ஆண்டு வேனிலிலோ பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நீர்நிலைகள் வறண்டு, மக்கள் குடத்தோடு தெருவில் நின்றனர். நான்காண்டிற்குள் நீர் மிகுந்தும் துன்பம், நீர் இன்றியும் துன்பம். மழை பொய்த்ததும் மிகுந்ததும் இயற்கை. ஆனால் பெய்த நீர் தங்குதற்கு இடமில்லாதொழிந்தது மக்கள் செயல். மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றனையும் ஒருங்கு வைத்துப் போற்றிய முன்னோர் தீர்த்தத்தை அலங்காரமாகக் கொண்டாரல்லர். குளம் நிறைந்தால் கிணறு நிறையும். கிணறு நிறைந்தால் குடி நிலைக்கும் என்பதனை அறிந்தே அம்மூன்றனுள் நீரையும் தெய்வத்தோடு வைத்தனர்.

இனிச் செய்யத்தக்கது

இவ்வாறு கூறுதலால், பழைய ஊரே குற்றமற்றது, பின் வந்தன இழிந்தன என்பது கருத்தன்று. ஊர் என்னும் சொல்லுக்குள் எல்லாரையும் முன்னோர் அடக்கினாரல்லர். தெய்வத்தின் தேருக்கு வடம் முறுக்கினாரும், விளக்குக்குத் திரி திரித்தாரும் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதுண்டு. 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டத்தால் அத்தடை நீங்கிற்று. செக்காடியவரையும் அறுபத்துமூவருள் வைத்து வணங்கும் சமயத்தார், சட்டம் வரும்வரை காத்திருந்தது சால்புடைத்தன்று. ஊரின் ஒற்றுமையும், பேட்டையின் பன்மையும், நகரின் நலவாழ்வும் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடுதலே வேண்டப்படுவது.

அவ்வாறு கூடுதல் இயலுமோ எனின், இயலும் என்பதற்கு மயிலைப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளே சான்று. அறுபத்துமூவர் திருவுருவங்கள் வீதியுலா வரும் அந்நாளில் மாநகரின் எல்லாப் பகுதியினரும் திரள்கின்றனர். வந்தார்க்கெல்லாம் மோரும் நீரும் அன்னமும் வழங்குவார் பலர். பெறுவார் இன்னார் என வினவுவார் எவருமிலர். அவ்வொருநாள் முழுமாநகரும் ஊராகிறது. ஒருநாள் இயன்றது ஏனை நாள்களிலும் இயலாததன்று.

2011ஆம் ஆண்டில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரினின்றும் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபொழுது, சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாரை மணந்த ஒற்றியூரும், சம்பந்தர் பாடிய வலிதாயமாகிய பாடியும் அதனுள் அடங்கின. முன்னர்க் கோட்டங்களின் பகுதியாய் நின்ற ஊர்கள் இன்று ஒரு மாநகரின் வட்டங்களாயின. ஆகவே, நகர் எனப் பெயரிய பகுதிகளில் வாழும் அன்பர்கள் தாம் வாழும் மனை பண்டு எவ்வூரின் எல்லையது, அவ்வூரின் தலம் யாது, அதன் குளம் எந்நிலையில் உளது என்பனவற்றை ஆராய்ந்து அறிதல் வேண்டும். அறிந்தவழி அக்குளத்தைத் தூர்வாரவும், நீர்வரும் கால்களைக் காக்கவும், விழாநாளில் ஊராரோடு நிற்கவும் உள்ளம் தானே செல்லும்.

நகர் என்னும் சொல் இக்காலத்தே வீட்டுமனைத் தொகுதியைக் குறிப்பதாயினும், பழந்தமிழில் அது கோயிலையும் குறித்தது. புறநானூற்றிலே சிவபெருமான் திருக்கோயில் அச்சொல்லாற் சுட்டப்பெறுதல் கற்றார் அறிவர். சொல் தன் பழம்பொருளை மீளப் பெறுதல் அதனை வழங்குவார் கையிலேயே உளது.