மணலில் பிறந்த பள்ளிமுறை

மாதுங்காவில் ரயிலேறிக் கோட்டைப் பகுதிக்கு அலுவல் பார்க்கச் செல்லும் நாம் நாள்தோறும் பைகுல்லாவைக் கடக்கிறோம். 1815ஆம் ஆண்டில் தோன்றிய பம்பாய்க் கல்விச் சங்கத்தின் விடுதிப் பள்ளிகள் நெடுங்காலம் அங்கேதான் இருந்தன. 1925இல் அவை நாசிக்கை அடுத்த தேவளாலிக்குப் பெயர்ந்தன. இன்று அப்பள்ளி பார்ன்ஸ் பள்ளி எனப்படுகிறது. தொடக்க நாளில் அச்சங்கத்தின் பள்ளிகளில் கையாளப்பெற்ற போதனா முறைக்கு ‘மதராஸ் முறை’ என்று பெயர். ஆங்கிலேயர் வகுத்த பள்ளிக்குள் நம் சென்னையின் பெயர் நுழைந்தது எங்ஙனம்?

விடை எழும்பூரில் இருக்கிறது. இன்று ரயில் நிலையம் நிற்கும் இடத்தில் அந்நாளில் ஒரு சிறு கோட்டை இருந்தது. கும்பெனிப் படையினரின் ஆண் மக்களுக்கென நடந்த அநாதை விடுதி அங்கே அமைந்திருந்தது. ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியாராகிய ஆண்ட்ரு பெல் 1789இல் அதன் மேற்பார்வையை ஏற்றார். சிறுவர்கள் மாதக்கணக்கில் முயன்றும் எழுத்துக்கள் கைவராமை கண்டு அவர் வருந்தினார்.

ஒரு நாட் காலை குதிரையேறிச் சென்றவர், வழியில் ஒரு நாட்டுப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதியதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தனர். அதனை ‘மலபார்ப் பள்ளி’ என்று ஆங்கில ஏடுகள் குறிக்கின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இச்சொல்லிடத்துச் சற்றே நிற்க வேண்டும். அக்கால ஆங்கிலேயர் தமிழையும் தமிழரையும் ‘மலபார்’ என்றே வழங்கினர். பெல் கண்டது நம் பாட்டனார் பயின்ற திண்ணைப் பள்ளியே எனக் கொள்ளுதல் தகும்.

விடுதிக்கு மீண்ட பெல், அவ்வாறே மணலில் எழுதப் பயிற்றுமாறு உபாத்தியாயர்களுக்குக் கூறினார். அவர்கள் உடன்படவில்லை. பின்னர் ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்புவித்தார். ஆசிரியர்க்கு அரிதாயிருந்தது சிறுவனுக்கு எளிதாயிற்று. மூத்தோன் இளையோனுக்குக் கற்பிக்கும் முறை விடுதி முழுவதும் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. பிரம்படிக்கு மாற்றாகக் குற்றங்களை ஒரு புத்தகத்தில் பதிந்து, சிறுவர்களே கூடித் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தையும் பெல் ஏற்படுத்தினார்.

1796இல் தாயகம் திரும்பிய அவர், மறு ஆண்டே இம்முயற்சியை நூலாக வெளியிட்டார். 1811இல் இங்கிலாந்தில் நிறுவப்பெற்ற தேசியக் கல்விச் சங்கம் இம்முறையை ஏற்றது; ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. பெல் பிறந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பொருளுதவியால் எழுந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே பெயர் தாங்கி நிற்கிறது. குறைந்த செலவில் பலரைப் பயிற்றலாம் என்பதே இம்முறையின் வலிமை. பொருளுணராது ஒப்பிக்கச் செய்ததே அதன் குறை. அதனால் அந்நூற்றாண்டின் நடுவில் அது தளர்ந்தது.

இவ்வரலாற்றில் மகிழ்ச்சியோடு ஒரு துயரமும் உண்டு. அவ்விடுதிச் சிறுவர் பலரின் தாயர் இந்நாட்டுப் பெண்டிர். தாயரின் செல்வாக்கு படாமல் வளர்த்தலே பிள்ளைகளுக்கு நலம் என்று விடுதியை நடத்தியோர் கருதினர். தமிழ்த் தெருவின் மணல் உள்ளே அழைக்கப்பெற்றது. தாயோ வாயிலுக்கு வெளியே நின்றாள். மணலில் எழுதிய பிள்ளைகளின் பெயரும், அவர்தம் ஆசிரியர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. ஃபிரிஸ்கனின் பெயர் மட்டும் நூலேறியது.

நேயர்களே! மும்பையில் நம் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலப் பள்ளிகளிலே பயில்கின்றனர். அது காலத்தின் தேவை. அதனை நாம் பழிக்கவில்லை. தாராவியில் மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளிகளும் உள்ளன. எப்பள்ளியிற் பயின்றாலும், மாலையில் வீடு திரும்பும் பிள்ளையை அருகமர்த்தி, ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, ‘அ’ என்று எழுதச் செய்வோமாக. அண்ணன் தம்பிக்குக் கற்பிக்கட்டும். கடல் கடந்து சென்று புகழ் பெற்ற அம்முறை, நம் வீட்டுக் கூடத்திலே நம் மொழிக்குப் பயன்படட்டும்.