நரை, திரை, தாடை: திருவண்ணாமலையில் ஒரு தேடல்

நேயர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "வீடியோ கால்ல தாடைக்குக் கீழ தொங்குற தோல்தான் முதல்ல கண்ணுல படுது. இதுக்கெல்லாம் வரலாறு இருக்கா?" இருக்கு, நிறையவே இருக்கு. அதைத் தேட நான் தொடங்கிய ஊர் திருவண்ணாமலை. ஏன்னு போகப்போகப் புரியும்.

முதலில் ஒரு சொல். தோல் தளர்ந்து மடிவதற்குத் தமிழில் பழைய பெயர் 'திரை'. பால் திரைகிறது, கடலில் திரை எழுகிறது, முகத்தில் திரை விழுகிறது. 'நரை திரை மூப்பு' என்று மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வோம். முடி வெளுக்கும், தோல் மடியும், ஆள் கிழமாவார். எல்லாம் ஒரே பேக்கேஜ். தாடையை மட்டும் தனியாகப் பிரித்து யாரும் கவலைப்படவில்லை. சொல்லப்போனால், நம் தாத்தா காலத்தில் 'ரெட்டை நாடி சரீரம்' என்பது ஏறக்குறையப் பாராட்டு. நாடி என்றால் முகவாய். நாடி ரெண்டாகத் தெரிந்தால் வீட்டில் நெல்லுக்குப் பஞ்சமில்லை என்று அர்த்தம்!

இப்போ திருவண்ணாமலை. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் இந்த ஊரோடு பிணைந்தவர். வல்லாள கோபுரத்திலிருந்து உயிரை விடக் குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டார் என்பது ஊர்க்கதை. திருப்புகழைப் புரட்டினால் முதுமை திரும்பத் திரும்ப வருது. முடி நரைக்கும், பல் விழும், தோல் திரையும், இருமல் வரும், கோல் ஊன்றணும். ஒரு மருத்துவரின் கேஸ் ஷீட் மாதிரி துல்லியம். ஆனா மருந்து எதுவும் சொல்ல மாட்டார். அந்த நிலை வருவதற்குள் வந்து காப்பாற்று என்று முருகனிடம் விண்ணப்பம் போடுவதோடு சரி.

மருந்து சொன்னவர்கள் சித்தர்கள். அதுக்குப் பேர் காயகற்பம். காயம் என்றால் உடம்பு. பதினெண் சித்தர்களில் ஒருவரான இடைக்காடர் அடங்கிய தலம் திருவண்ணாமலைதான் என்று நம்புகிறார்கள். காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய். இப்படி ஒரு மண்டலம், அதாவது 48 நாள் சாப்பிட்டால் கிழவரும் கோலை வீசிட்டு நடப்பார் என்கிற குறிப்பை நம்ம எல்லார் வீட்டிலும் யாராவது ஒருத்தர் சொல்லிக் கேட்டிருப்போம். கவனிங்க, இங்கேயும் தாடைக்கென்று தனி மருந்து இல்லை. சித்தர்களின் இலக்கு சாவையே தள்ளிப்போடுவது. தோல் இறுகுவது அதோட சைடு எஃபெக்ட்.

இந்த நம்பிக்கைக்கு நாடறிந்த ஒரு சோதனை நடந்தது, 1938-இல். சித்த மருத்துவத்தில் இல்லை, அதன் வடநாட்டு உறவினரான ஆயுர்வேதத்தில். காசி இந்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய மதன் மோகன் மாளவியா, 76 வயதில், தபஸி பாபா என்ற சாதுவிடம் காயகற்ப சிகிச்சைக்குப் போனார். இதற்கான முறை சரக சம்ஹிதையிலேயே இருக்கு: வெளிச்சமும் காற்றும் நேரே படாதபடி சுவருக்குள் சுவராகக் கட்டிய குடிலில் அடைந்து கிடந்து மருந்து உண்பது. பத்திரிகைகள் விடாமல் எழுதின. சுருக்கம் மறைந்தது, இளமை திரும்பியது என்ற செய்திகள் பறந்தன. மாளவியா 1946 நவம்பரில், 84 வயதில் காலமானார். நல்ல ஆயுள்தான். ஆனா நரையும் திரையும் மூப்பும் அவரை விட்டுப் போகவில்லை.

அதே காலத்தில் திருவண்ணாமலையில் ஒரு முகத்துக்கு வயதாவது படம் படமாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. ரமணர் இந்த ஊருக்கு வந்தது 1896 செப்டம்பர் 1, வயது 16. இருபதுகளின் தொடக்கத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கு. 1946-இல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த, எல்லாரும் பார்த்திருக்கிற அந்த முகப் படம் இருக்கு. 1950 ஏப்ரலில், அவர் மறைவதற்குச் சற்று முன்பு, பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் வந்து எடுத்த படங்களும் இருக்கு. சுமார் ஐம்பது ஆண்டு, ஒரே ஆள். வரிசையாகப் பார்த்தால் தோள் தோலும் கழுத்துத் தோலும் எப்படித் தளர்ந்து இறங்குகின்றன என்று தெளிவாகத் தெரியும். எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் முதுமைக்கு இவ்வளவு நல்ல 'வெர்ஷன் ஹிஸ்டரி' கிடைப்பது அபூர்வம்.

கேமரா வந்த பிறகுதான் தாடை தனிப் பிரச்சினை ஆச்சு என்பது என் கணிப்பு. ஏறக்குறைய அதே நேரத்தில்தான் கத்தியும் வருது. பெர்லினில் ஹொலேண்டர் என்ற மருத்துவர், 1901-இல் ஒரு போலந்துப் பிரபுகுலப் பெண்ணுக்குக் காதோரம் தோலை வெட்டி இழுத்துத் தைத்ததாகப் பின்னாளில் எழுதினார். ஆனா தோலை மட்டும் இழுத்தால் அது கொஞ்ச நாளில் மறுபடி நெகிழும். 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் தோலுக்கு அடியில் தசையைப் போர்த்தியிருக்கும் ஒரு படலத்தை விவரித்தார்கள். அதைத் தூக்கிக் கட்டினால்தான் தாடைக்கோடு நிற்கும். நம்ம பாஷையில், பக் இருந்தது பேக்-எண்டில்; எழுபத்தைந்து வருஷம் ஃப்ரண்ட்-எண்டைத் திருத்திட்டு இருந்தாங்க.

மத்ததெல்லாம்? கொலாஜன் கிரீம்: சுமார் 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு தோலைத் தாண்டி உள்ளே போவது கடினம், கொலாஜன் சுமார் 3,00,000 டால்டன். முகப் பயிற்சி: 2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 16 பெண்கள் 20 வாரம் செய்து முடித்தார்கள். கன்னம் கொஞ்சம் நிரம்பியது. தாடைக்கோடு தேறியவற்றின் பட்டியலில் இல்லை.

இது எனக்கு வெறும் ஆர்வம் இல்லை. அம்மாவுக்கு 54 வயசு. சர்க்கரைக்காக ரெண்டு வருஷத்தில் 11 கிலோ குறைச்சாங்க. சர்க்கரை கட்டுக்குள் வந்தது, கழுத்துத் தோல் தொங்கியது. பார்க்கிறவங்க எல்லாம் "உடம்புக்கு என்ன?"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. அக்கா கல்யாணம் வேற நெருங்குது. பௌர்ணமி கிரிவலத்தில் 14 கிலோமீட்டர் நடந்து முடிச்சு, வழியில் ஒரு கடையில் 'காயகற்ப லேகியம்'னு ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்தாங்க. திருப்பிப் பார்த்தேன். உரிம எண் இல்லை, தொகுதி எண் இல்லை, என்ன சேர்ந்திருக்குன்னும் இல்லை. சித்த மருந்துக்கும் இதெல்லாம் சட்டப்படி கட்டாயம். பாஸ்டன் வட்டாரத்தில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் ஒரு ஆய்வு வந்தது. சர்க்கரை உள்ளவங்க சிறுநீரகத்தை வைத்துச் சூதாட முடியாது.

அம்மா கோபப்படல. "அப்போ இதுக்கு மருந்தே இல்லையாடா?"ன்னு மட்டும் கேட்டாங்க. வெயிலில் சன்ஸ்கிரீன் போட்டா இனிமேல் தளர்வது மெதுவாகும், இப்போ தொங்குறதை ஓரளவுக்கு மேல தூக்கணும்னா ஆபரேஷன்தான்னு உள்ளதைச் சொன்னேன்.

கல்யாணம் முடிஞ்சு ஆல்பம் வந்தது. கேட்காமலேயே அம்மா கழுத்தை வழவழன்னு ஆக்கியிருந்தார் டிசைனர். ஒரு மண்டல வேலையை ஒரு ஸ்லைடர் முடிச்சிருச்சு. அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "இது யாருடா? எங்க அக்கா பொண்ணு மாதிரி இருக்கா"ன்னாங்க. அப்புறம் ஒரிஜினல் ஃபைலை வாங்கித் தரச் சொன்னாங்க. வாங்கிக் கொடுத்தேன்.