புனித பிரிஜித்தும் அயர்லாந்தின் இளவேனிலும்

அயர்லாந்து நாட்டு மரபில் இளவேனில் பிறக்கும் நாள் பிப்ரவரி 1. அன்று நிலம் குளிர்ந்தே கிடக்கும். மரங்கள் இலையின்றி நிற்கும். எனினும், பகற்பொழுது நீளத் தொடங்கியதையும் செம்மறியின் மடியில் பால் சுரக்கத் தொடங்கியதையும் கண்டு, வேனில் வந்ததென அந்நாட்டு உழவர் தெளிந்தனர். பண்டை அயர்லாந்து மக்கள் ஆண்டை நான்காகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு விழா எடுத்தனர். அவற்றுள் பிப்ரவரியில் வருவது இம்போல்க். அந்நாளே புனித பிரிஜித்தின் திருநாளாகவும் விளங்குகிறது. ஒரு பருவத்தின் தலைவாயிலில் ஒரு பெண்ணை நிறுத்திப் போற்றும் இம்மரபின் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

காஷெல் நகரில் அரசராகவும் ஆயராகவும் இருந்து 908-இல் மறைந்தவர் கோர்மாக். அவர் பெயரால் வழங்கும் பழைய சொற்பொருள் நூலொன்று, பிரிஜித் என்பாள் புலவர்கள் வழிபட்ட தெய்வம் என்று கூறுகிறது. அப்பெயரே கொண்ட உடன்பிறந்தாள் இருவர் அவளுக்கு உண்டு. ஒருத்தி மருத்துவத்திற்கும், மற்றொருத்தி கொல்லுத் தொழிலுக்கும் உரியவள்.

கிறிஸ்தவ மரபோ, பிரிஜித்தை மண்ணில் வாழ்ந்த துறவியாகக் காண்கிறது. ஏறத்தாழ 451-இல் பிறந்து, கில்டேரில் மடம் நிறுவி, 525 அளவில் மறைந்தார் என்பது வழிவழிச் செய்தி. கில்டேர் என்பதற்கு 'ஓக் மரத்துக் கோயில்' என்று பொருள். ஏழாம் நூற்றாண்டில் கோகிடோசஸ் என்ற துறவி இலத்தீன் மொழியில் அவர் வரலாற்றை எழுதினார். ஆடவரும் மகளிரும் ஒரே மடத்தைச் சார்ந்து வாழ்ந்ததையும், கோயிலினுள் ஒரு தடுப்பின் இருபுறமும் நின்று வழிபட்டதையும் அந்நூல் விவரிக்கிறது. அது கூறும் அற்புதங்கள் எளிய வாழ்வினின்று எழுந்தவை. கடைந்த வெண்ணெயையெல்லாம் பிரிஜித் ஏழைகளுக்கு ஈந்துவிட, அது மீண்டும் நிறைகிறது. மழையில் நனைந்த மேலாடையை அவர் கதிரவனின் ஒளிக்கற்றையின் மேல் உலர்த்துகிறார்.

தெய்வமே துறவியாக உருமாறியதா, உண்மையில் வாழ்ந்த ஒரு தலைவியின் மீது தெய்வத்தின் புகழ் படிந்ததா என்பதில் அறிஞர் இன்னும் கருத்தொருமிக்கவில்லை. ஆயினும் கறவையும் மத்தும் அறிந்த ஒருத்தியையே மக்கள் தம் காவலாகக் கொண்டனர் என்பது இக்கதைகளால் விளங்கும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்துக்கு வந்த வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, கில்டேரில் அணையா நெருப்பு ஒன்று இருந்ததாக எழுதினார். பத்தொன்பது கன்னியர் இரவுக்கு ஒருவராக அதனைக் காத்தனர். இருபதாம் இரவில் பிரிஜித்தே காப்பார் என்று விட்டுவிடுவர். ஆடவர் எவரும் அதன் வேலியைக் கடத்தல் கூடாது. பதினாறாம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தத்தை ஒட்டி மடங்கள் கலைக்கப்பட்டன. கில்டேரின் நெருப்பும் அணைந்தது.

நெருப்பு அணைந்த பின்னும் விழா நின்றுவிடவில்லை. அது வீடுகளில் வாழ்ந்தது. ஜனவரி 31 மாலையில், ஒரு பெண் கோரைப்புல் கட்டுடன் வாயிலில் வந்து நின்று, பிரிஜித் வந்திருப்பதாக அறிவிப்பாள். உள்ளிருப்போர் வரவேற்றுக் கதவைத் திறப்பர். உணவு முடிந்ததும் அக்கோரையால் சிலுவை முடைந்து, தீயினின்று வீட்டைக் காக்குமென்று கதவின் மேலோ கூரையிலோ செருகுவர். அன்றிரவு ஒரு துணியை வெளியே வைப்பர். பிரிஜித் கடந்து செல்கையில் அதற்கு அருள் சேரும் என்பது நம்பிக்கை. தலைவலிக்கும், பேறுகாலத்திற்கும், பசு கன்று ஈனும் வேளைக்கும் அத்துணி ஆண்டு முழுதும் போற்றப்படும். மேற்குப் பகுதிகளில் வைக்கோற்புரியால் பெருவளையம் செய்து, நலம் வேண்டி அதனுள் நுழைந்து வருவர். சிறுவரும் இளைஞரும் 'சிறு பிரிஜித்' எனும் பாவையை ஏந்தி இல்லந்தோறும் செல்வர்.

1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டு அகன்றனர். அமெரிக்க நகரங்களில் இளம்பெண்கள் பலர் வீட்டு வேலைக்கு அமர்ந்தனர். அவர்களிடையே பிரிட்ஜெட் என்ற பெயர் மிகுந்திருந்ததால், அயர்லாந்துப் பணிப்பெண் எவரையும் 'பிடி' என்றே அழைக்கலாயினர். நகைச்சுவை ஏடுகள் அப்பெயரைக் கேலிச் சித்திரமாக்கின. அதனைத் துறந்து வேறு பெயர் பூண்டோரும் உண்டு. தாய்நாட்டில் காவற்பெயராக இருந்தது, அயல்நாட்டில் மறைக்க வேண்டிய பெயராயிற்று.

அப்பெயர் மீண்டும் தலைநிமிரப் பல முயற்சிகள் துணை நின்றன. 1935-இல் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் அமைந்தது. 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 50,000 பள்ளிச் சிறார் தம் ஊர் முதியோரிடம் கேட்டறிந்த வழக்கங்களை எழுதித் தந்தனர். 1942-இல் பிரிஜித் திருநாள் பற்றியே தனி வினாப்பட்டியல் நாடெங்கும் அனுப்பப்பட்டது. 1961 டிசம்பர் 31-இல் தொடங்கிய அந்நாட்டுத் தொலைக்காட்சி, கோரைச் சிலுவையையே தன் சின்னமாகக் கொண்டு 1995 வரை போற்றியது. 1993-இல் பிரிஜித்தின் பெயர் தாங்கிய கன்னியர் கில்டேரில் நெருப்பை மீண்டும் ஏற்றினர். 2023 முதல் அயர்லாந்துக் குடியரசில் இத்திருநாளை ஒட்டிப் பொது விடுமுறை விடப்படுகிறது. ஒரு பெண்ணின் பெயரால் அங்கு அமைந்த முதற் பொது விடுமுறை இதுவே.

மடத்து நெருப்பு நானூறு ஆண்டுகளுக்கு மேல் அணைந்து கிடந்தது. அந்நெடுங்காலம் முழுதும் விழாவைக் காத்தவர்கள், நீர்நிலையோரத்தில் ஒரு கைப்பிடிக் கோரை அறுத்துவந்து மாலையில் தம் வீட்டுக் கதவைத் தட்டிய பெண்கள். அதற்குப் பொருட்செலவும் வேண்டியதில்லை. எவர் இசைவும் வேண்டியதில்லை. பிறந்த ஊரை விட்டு வேற்று மொழியினரிடையே இல்லறம் நடத்தும் நமக்கு, இவ்வரலாறு எண்ணிப் பார்க்கத் தக்கது.