ஆணியும் அளவும்

எந்திரத்தின் ஆற்றலைப் பேசுவோர் அதனைப் பிணைத்து நிற்கும் மரையாணியைப் பேசுவதில்லை. தோட்டங்களில் போல்ட்டு என வழங்கும் இச்சிறு பொருளின் வரலாறு, தொழிலாளர் உயிரோடு தொடர்புடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பட்டறைகள் தத்தமக்கென ஒரு மரையளவு வைத்திருந்தன. ஓரிடத்து ஆணி வேறிடத்து நட்டில் ஏறாது. ஒன்று தொலைந்தால் செய்த பட்டறைக்கே சொல்லியனுப்ப வேண்டும். பல பட்டறைகளின் ஆணிகளைத் திரட்டி ஆராய்ந்த ஜோசப் விட்வொர்த், 1841இல் பொது அளவு ஒன்றை முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 பாகை. ஒவ்வொரு பருமனுக்கும் அங்குலத்திற்கு இத்தனை சுற்று என்பது அவர் வகுத்த முறை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் வகுத்த முறையோ 60 பாகை.

நெகிரி செம்பிலானில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகி, பால் ஸ்டோர்களும் எழுந்தன. பிரிட்டனிலிருந்து வந்த எந்திரங்களோடு அங்குல அளவும் வந்தது. 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் மலேசியாவை மெட்ரிக் முறைக்குத் திருப்பியது. பழைய எந்திரங்களோ பழைய மரையோடு நின்றன.

இங்கேதான் இடர் தொடங்குகிறது. அரை அங்குல ஆணியில், விட்வொர்த் முறைப்படி அங்குலத்திற்கு 12 சுற்று. அமெரிக்கப் பெருமரை முறைப்படி 13. ஒன்றன் நட்டு மற்றதில் சிறிது ஏறி இறுகும். பொருந்தியதுபோலத் தோன்றும், பொருந்தாது. எனவே அருகிலுள்ள கடைசல் பட்டறையில் ஓர் ஆணி கடைந்துகொள்ளலாம் என்ற எண்ணம் எழுகிறது. அளவு ஒத்துவரலாம்; வலிமை ஒத்துவருமா?

உயர்வலு ஆணிக்குரிய எஃகு, சூடேற்றித் தோய்க்கப்பட்டு, மீண்டும் அளவான சூட்டில் பதமாக்கப்படுகிறது. மரையும் பெரும்பாலும் வெட்டப்படுவதில்லை. அச்சுகளுக்கிடையே உருட்டிப் பதிக்கப்படுகிறது. இத்தகைய ஆணிகளைப் பாலங்களிலும் கட்டடங்களிலும் ரிவெட்டுக்கு மாற்றாக ஏற்ற விதிமுறை, அமெரிக்காவில் 1951இல் வெளிவந்தது. இன்று மெட்ரிக் ஆணியின் தலையிலேயே அதன் தரம் பொறிக்கப்படுகிறது. 20 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆணி 4.6 தரமாயின், ஏறத்தாழ 10 டன் இழுவிசை வரை தாங்கும், 8.8 தரமாயின் 20 டன் வரை தாங்கும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

ரப்பரை நசுக்கும் உருளைகளின் முன் கைவைத்து வேலை செய்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். தாங்கியைப் பிடித்த ஆணி அறுந்தால் முதல் அடி அவர்களுக்கே. ஆதலின் பருமன், நீளம், மரை, தரம் ஆகிய நான்கையும் குறித்து, அவ்வகை ஆணிகளையே விற்கும் வணிகரிடம் கேட்டு வாங்குவதே முறை. விட்வொர்த் மரை ஆணிகளை இருப்பில் வைத்திருப்போர் இன்றும் உளர். எங்கும் கிடைக்காத வடிவத்தைச் செய்வித்தே ஆகவேண்டுமெனின், எஃகின் தரமும் சோதனைச் சான்றும் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஓர் ஆணிக்குத் தனிப்பட்டறையை நம்பியிருந்த நிலையை மாற்றவே விட்வொர்த் பொது அளவு வகுத்தார். அவ்வசதி கைக்கெட்டும் தொலைவில் இருக்க, சோதியாத ஆணியைப் பூட்டுவது சிக்கனம் ஆகாது.