சுத்தமான எஃகு ஏன் சண்டித்தனம் பண்ணுச்சு?

எங்க பாட்டி வீட்டு எவர்சில்வர் டம்ளர்ல தாத்தா பேர் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். பாத்திரக்கடை வாசல்ல ஒருத்தர் கைமெஷினோட உட்கார்ந்து டர்ர்ர்னு வெட்டித் தருவார். நான் போன மாசம் ஒரு கல்யாணப் பரிசுக்காகப் போன கடையில அந்த இடத்துல லேசர் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதை இயக்கின தம்பி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் செட்டிங்கை மாத்திக்கிட்டே இருந்தார். ஏன்னு கேட்டேன். "பார்க்க எல்லாம் ஒண்ணுதாண்ணா, மெட்டல் வேற வேற"ன்னார்.

கிட்டத்தட்ட இதே வார்த்தையைச் சொல்லிக்கிட்டு ஒரு தலைமுறை வெல்டர்கள் தலையைப் பிய்ச்சுக்கிட்ட கதைதான் இன்னிக்கு.

1970கள். தொழிற்சாலைக்கு 304 ரக எவர்சில்வர் தகடு வருது. போன லாட்டும் 304, இந்த லாட்டும் 304. அதே மெஷின், அதே கரண்ட், அதே ஆள். ஆனா போன லாட்டுல வெல்டிங் ஆழமா இறங்குச்சு; இந்த லாட்டுல மேலாப்புல அகலமாப் பரவி நின்னுடுது. மெஷின்ல எந்தக் கோளாறும் இல்லை. திட்டு விழுந்தது என்னவோ வெல்டருக்குத்தான்.

இதுல வேடிக்கை என்னன்னா, தகராறு பண்ணினது பெரும்பாலும் நல்ல எஃகு. உருகிய எஃகுக்குள்ள ஆர்கானையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஊதிச் சுத்தப்படுத்துற முறை 1960களின் பின்பாதியில் ஆலைகளுக்குள்ள வந்தது. அதுக்குப் பிறகு எஃகில் இருந்த கந்தகம் மளமளன்னு குறைஞ்சது. கந்தகம் எஃகை நொறுங்க வைக்கும், துருவுக்கு வழி விடும். அது போனா நல்லதுதானேன்னு எல்லாரும் நினைச்சாங்க. 304-க்கான விதியும் கந்தகம் அதிகபட்சம் 0.03 சதவீதம் இருக்கலாம்னு மேல் வரம்பை மட்டும்தான் சொல்லுது. 0.02 இருக்கிற தகடும் பாஸ், 0.001 இருக்கிற தகடும் பாஸ். ரெண்டுக்கும் நடுவுல இருபது மடங்கு வித்தியாசம். பில்லில் ரெண்டும் ஒரே பேர்.

கந்தகத்துக்கும் வெல்டிங் ஆழத்துக்கும் என்ன சம்பந்தம்? மின்வில்லின் குணத்தை அது மாத்துதுன்னு ஒரு கட்சி இருந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் ராக்கி ஃபிளாட்ஸ்னு ஒரு ஆலை, அணுகுண்டுக்கான புளுட்டோனியப் பாகங்கள் செஞ்ச இடம். அங்கே வேலை பார்த்த ஹைப்பிள், ரோப்பர் ரெண்டு பேரும் 1980களின் தொடக்கத்தில் வேற விளக்கம் கொடுத்தாங்க: பிரச்சினை மின்வில்லில் இல்லை, உருகிக் கிடக்கிற குட்டையின் மேற்பரப்புல இருக்குன்னு.

வீட்டுல ஒரு தட்டுல தண்ணி ஊத்தி மிளகுத்தூள் தூவுங்க. நடுவுல பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு. மிளகு அலறி அடிச்சுக்கிட்டு ஓரத்துக்கு ஓடும். சோப்பு பட்ட இடத்துல பரப்பு இழுவிசை குறையுது. இழுவிசை கூடுதலா இருக்கிற சுற்றுப்புறம் நீரைத் தன் பக்கம் இழுத்துக்குது. ஒயின் கிளாஸின் ஓரத்துல நடக்கிற இதே மாதிரி ஓட்டத்தை 1855-இல் ஜேம்ஸ் தாம்சன் விளக்கினார் (கெல்வின் பிரபுவின் அண்ணன், தம்பி அளவுக்குப் பேர் வாங்காத மனுஷர்). ஆனா பேர் நிலைச்சது 1865-இல் ஆய்வேடு எழுதின இத்தாலியர் மரங்கோனிக்கு.

இப்போ உருகிய எஃகுக்கு வாங்க. நடுவுல சூடு அதிகம், ஓரத்துல குறைவு. சுத்தமான எஃகுல சூடு ஏற ஏற இழுவிசை குறையும். அதனால மேற்பரப்புத் திரவம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும், வெப்பத்தையும் கூட்டிக்கிட்டுப் போகும். குட்டை அகலமாகுது. கந்தகம் இருந்தால் கதை தலைகீழ். கந்தகம் மேற்பரப்புல வந்து உட்கார்ந்து இழுவிசையைக் குறைக்கும். ரொம்பச் சூடான நடுப்பகுதியில மட்டும் அதால அங்கே தங்க முடியாது. ஆக நடுவுல இழுவிசை கூடுதல். திரவம் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடி வந்து நேரா கீழே இறங்கும். ஆழமான வெல்டிங்.

சரி, மின்வில் இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது? அங்கேதான் லேசர் வருது. அதுக்கு மின்வில்லே கிடையாது. 1983-இல் வெளியான ஆய்வில் அவங்க குழு கந்தகத்தின் பங்காளியான செலினியத்தை எஃகின் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் சேர்த்து, அது மேல லேசரை ஓட்டினாங்க. பத்து லட்சத்துக்கு 66 பங்கு, அவ்வளவுதான். ஆழத்துக்கும் அகலத்துக்குமான விகிதம் 200 சதவீதத்துக்கு மேல கூடிடுச்சு. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது. எதிர்க்கட்சிக்குப் பதில் சொல்ல இடமே இல்லை. அதே ஆய்வுல, லேசரைக் கூர்மையாக் குவிச்சு, உலோகமே ஆவியாகித் துளை விழுற அளவுக்குப் போனப்போ, செலினியம் இருந்தும் ஒரு மாற்றமும் இல்லை.

லேசரால் மேற்பரப்புக்கு அமைப்பு கொடுக்கிற தொழிலுக்கும் இந்தக் கணக்கே பொருந்தும். 1980களில் பெல்ஜியத்தின் சி.ஆர்.எம். ஆய்வு மையம், கார் தகடு உருட்டுற எஃகு ரோலர்கள் மேல லேசரால் வரிசையா நுண்குழிகள் போட்டது. ஒவ்வொரு குழியைச் சுத்தியும் உருகிய எஃகு விளிம்பு கட்டி நிற்கும். அந்த அச்சு தகட்டில் பதியும். உலோகத்தை உருக வைக்கிற துடிப்புன்னா, உள்ளே குழியா, நடுவுல மேடான்னு தீர்மானிக்கிறதுல கந்தகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் பங்கு உண்டு. ஃபெம்டோவிநாடி லேசர்ல உலோகம் உருகி ஓடவே நேரம் ரொம்பக் கம்மி. அங்கே இந்தச் சேட்டை அவ்வளவா எடுபடாது.

மருந்துத் தொழிற்சாலைக் குழாய்களுக்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1997-இல் ஒரு தரவிதி வெளியிட்டது. தானியங்கி வெல்டிங்குக்கான 316எல் குழாயில் கந்தகம் 0.005-க்கும் 0.017 சதவீதத்துக்கும் நடுவுல இருக்கணும்னு இப்போ அந்த விதி சொல்லுது. அதாவது, ஒரு அழுக்கு இவ்வளவாவது இருந்தே ஆகணும்னு. கந்தகம் கூடின குழாயையும் குறைஞ்ச குழாயையும் சேர்த்து வெல்டிங் பண்ணினா, குட்டை கந்தகம் குறைஞ்ச பக்கம் நகர்ந்து இணைப்புக் கோட்டையே தவறவிடும்.

உங்கள்ல யாராவது லேசர் மார்க்கிங் யூனிட் வச்சிருந்தால், அடுத்த லோடு வரும்போது மில் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க. குரோமியம், நிக்கல் எண்களைத் தாண்டி எஸ்-னு ஒரு சின்னக் கட்டம் இருக்கும்.