பூஜப்புரா அரண்மனையில் பிறந்த ரத்தப் பை

ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் மருந்து நோயோடு சேர்த்து மஜ்ஜையையும் துடைத்துவிடுகிறது. வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் எவ்வளவு குறைகிறதோ, எத்தனை நாள் குறைந்தே கிடக்கிறதோ, அந்த அளவுக்குத் தொற்று கூடுகிறது என்பதை ஜெரால்டு போடி குழுவினர் 1966இல் அமெரிக்காவில் கணக்கிட்டுக் காட்டினார்கள். மஜ்ஜை மீண்டு வரும்வரை நோயாளியைத் தாங்கிப் பிடிப்பது பிறர் கொடுத்த ரத்தமும் தட்டணுவும்தான். அந்த ரத்தமே கிருமியோடு வந்தால், எதிர்த்து நிற்க அவர் உடம்பில் ஆள் இல்லை. ஆகவே இந்தச் சிகிச்சையின் வரலாற்றை மருந்துகளை வைத்து மட்டும் எழுதக் கூடாது. ரத்தத்தை எதில் பிடித்தோம் என்பதும் அதில் வர வேண்டும். அங்கே திருவனந்தபுரத்துக்கு ஓர் இடம் உண்டு.

1980களில்கூட நம் ரத்த வங்கிகளில் பெரும்பாலும் கண்ணாடிப் புட்டிதான். புட்டியிலிருந்து ரத்தம் இறங்க வேண்டுமென்றால் உள்ளே காற்று போக வேண்டும். காற்றோடு கிருமியும் போகும். பிளாஸ்டிக் பைக்கு அந்தத் தொல்லை இல்லை, ரத்தம் இறங்க இறங்கத் தானே சுருங்கிக்கொள்ளும். குழாயால் இணைந்த பைகளில், வெளிக்காற்றே படாமல், செவ்வணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரித்தும் எடுக்கலாம். பாஸ்டனில் 1950 வாக்கில் கார்ல் வால்ட்டர் உருவாக்கிய இந்தப் பையை இந்தியா இறக்குமதி செய்துகொண்டிருந்தது. திருவனந்தபுரத்தின் பூஜப்புராவில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் சாட்டல்மோண்ட் அரண்மனையில் இயங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு, வலியத்தான் இயக்குநராக இருந்தபோது, இதை நம் நாட்டிலேயே செய்யும் முறையைக் கண்டது. ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்த பாலகோபால் அதை வாங்கி, பெனின்சுலா பாலிமர்ஸ் தொடங்கி, அதே ஊரில் பைகளைத் தயாரித்தார். அந்த ஊரில்தான் 1981இல் மண்டலப் புற்றுநோய் மையமும் தோன்றியது.

இந்த நோயாளிகளுக்கு வரும் தொற்றில் பெரும்பகுதி அவர்கள் குடலிலும் வாயிலும் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகளால்தானே, பை என்ன செய்யும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பைக்கு வேறு குறைகளும் உண்டு. தட்டணுவை 20 முதல் 24 டிகிரியில் ஐந்து நாள் வைக்கிறோம். கொடையாளியின் தோலிலிருந்து ஒட்டி வந்த கிருமிக்கு அந்தச் சூடு போதும். முதலில் வரும் ரத்தத்தைத் தனியாக ஒதுக்கும் சிறுபை அதற்காகத்தான் வந்தது. கொடையாளியின் ரத்தத்தில் ஒளிந்திருக்கும் வைரஸைப் பையால் தடுக்கவே முடியாது. அதற்குப் பரிசோதனையும், உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998இல் வந்த, காசுக்கு ரத்தம் விற்பதற்கான தடையும் தேவைப்பட்டன. ஆனாலும் தட்டணுவைப் பிரித்துத் தருவது பைதான்; அது கிடைக்காத நோயாளி, தொற்று வருவதற்கு முன்பே ரத்தக்கசிவில் போய்விடுவார். பிறர் ரத்தத்தின் தேவை இன்றும் தீரவில்லை. சில ரத்தப் புற்றுநோய்களுக்கு இன்று தரும் கார்-டி செல் சிகிச்சை, எதிர்ப்புப் புரதம் உருவாகக் காரணமான பி அணுக்களை மாதக்கணக்கில் அழித்துவைக்கிறது. எதிர்ப்புப் புரதம் வற்றிப்போகிறவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறார்கள். அது யாரோ கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்தது.